லாச்சப்பல் சாப்பாட்டுக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். பாரிஸ் லாச்சப்பலில், நம் தமிழ்க்கடைகள் நிறைந்த ஃபோபூர் சாந்தெனி வீதியிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கடை வைத்திருக்கும் உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரிந்திருக்காது. இருபது வருடமாக உங்களிடம் ரோல்ஸும் தேநீரும் வாங்குகிறேன். அதற்கு முன்னால் பதினொரு வருடம் இந்த நகரத்து உணவகங்களில் தட்டுக் கழுவி, பிறகு வெங்காயம் வெட்டி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்றவன். ஆகவே இதைச் சாப்பிட வந்தவனின் முறைப்பாடு என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். குசினிக்குள் நின்றவனும் சேர்ந்துதான் எழுதுகிறான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு நண்பர்கள் ஏழாம் இலக்க மெட்ரோவில் ஏறுகிறோம். இருவர் லாகூர்நெவ்வில் ஏறுவார்கள், நான் ஸ்டாலின்கிராட்டில், எங்கள் புதுச்சேரி நண்பர் கார் து லெஸ்டில். வண்டி மாறத் தேவையில்லை. தொல்பியாக்கில் இறங்கி நடந்தால் அவெனியூ து ஷுவாசி. நமக்கு லாச்சப்பல் எப்படியோ, வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆட்களுக்கு பதின்மூன்றாம் வட்டாரம் அப்படி. 1970களில் அங்கே எழுந்த ஒலிம்பியாட் கோபுரங்களுக்கு, எதிர்பார்த்த பாரிஸ்காரர்கள் போதிய அளவு குடிவரவில்லை. 1975க்குப் பிறகு வந்த அகதிகள் அந்த வெற்று வீடுகளில் குடியேறினார்கள். 1983க்குப் பிறகு வந்து இறங்கிய நம்மைப் போலத்தான் அவர்களும். கையில் பெட்டி, வாயில் பிரெஞ்சு இல்லை, கிடைத்த வேலை குசினியில்.

நாங்கள் போகும் வியட்நாம் கடையில் முப்பது பேர் இருக்கலாம். ஆசனம் முன்பதிவு செய்ய முடியாது, வாசலில் வரிசையில்தான் நிற்கவேண்டும். உள்ளே போனால் தெரியாத ஒரு கிழவரும் கிழவியும் இருக்கும் மேசையின் மறுபாதியில் உட்காரவைப்பார்கள். புன்சிரிப்பு எதிர்பார்க்கவேண்டாம். கழிப்பறைக்குப் போகும் படிக்கட்டில் இறங்க ஒரு துணிச்சல் வேண்டும். மேசையில் ஒரு தகரக் குவளை நிறையக் குச்சிகளும் பீங்கான் கரண்டிகளும், பக்கத்தில் இரண்டு சோஸ் போத்தல்கள், நாம் கேட்குமுன்னே ஒரு குடுவைத் தண்ணீர். பட்டியல் ஒரே ஒரு தாள். ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப், மாட்டிறைச்சியின் எந்தப் பகுதி வேண்டும் என்பதைப் பொறுத்து ஐந்தாறு வகை. கோழியில் ஒன்று. பாரிஸ்காரர்கள் போபுன் என்று உயிரை விடும் நூடுல்ஸ் ஒன்று. நெம் என்கிற பொரித்த ரோல்ஸ். அவ்வளவுதான்.

பணிப்பெண் பெயர் எழுதுவதில்லை, நான்கு இலக்கங்களைக் கிறுக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் புதுச்சேரி நண்பர் தன் மேற்சட்டையைக் கழற்றி முடிக்கவில்லை. கோப்பை வந்துவிட்டது.

அந்தக் கோப்பையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். என் மூக்குக்கண்ணாடி ஆவியில் வெளுத்துப்போகும், அதைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். கடதாசி போல வெட்டிய பச்சை இறைச்சித் துண்டுகளைச் அரிசி நூடுல்ஸின் மேல் பரப்பி, கொதிக்கும் சாற்றை ஊற்றியிருக்கிறார்கள். மேசைக்கு வரும்போது ஓரம் வெளுத்து நடு இன்னும் சிவந்திருக்கும். ஒரு கிளறு கிளறினால் வெந்துவிடும். அடுப்பு செய்யவேண்டிய வேலையைக் கோப்பையே செய்கிறது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இலைகள், முளைவிட்ட பயறு, ஒரு துண்டு எலுமிச்சை, சிவப்பு மிளகாய். இந்த இலைத்தட்டு தெற்கத்தி வழக்கம். ஃபோ பிறந்தது வடக்கில். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்து வடக்கத்தியர் சைகோனுக்கு இடம்பெயர்ந்தபோது அதுவும் கூடவே வந்து, பயறும் துளசியும் சேர்த்துக்கொண்டது. இடம்பெயர்ந்த சாப்பாடு ருசி கூடி வந்திருக்கிறது. நம் கதையில் அது எப்போதும் நடப்பதில்லை.

சாறு என்பது மாட்டெலும்பு. சுட்டுக் கருக்கிய இஞ்சி, கருக்கிய வெங்காயம், கறுவா, கராம்பு, அன்னாசிப்பூ. எல்லாம் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சாமான்தான். மணிக்கணக்காக மெல்லிய தீயில் கிடக்கும். அந்த ஒரு பானை சரியாக வந்துவிட்டால் அன்றைய நாள் சரி. நூடுல்ஸ் வெந்நீரில் சில விநாடி முங்கி எழும், இறைச்சி கோப்பையில் வேகும். இரண்டு பேர் குசினியில் போதும், எஞ்சி வீசுவதற்கும் அதிகம் இல்லை. நாங்கள் அரைமணியில் எழுந்துவிடுகிறோம், எங்கள் கதிரை ஆறுமுன் அடுத்தவர் உட்காருகிறார். ஒரு தட்டு நெம்மும் பால்கோப்பியும் சேர்த்து நான்கு பேருக்கும் கணக்கு 60 யூரோவைத் தாண்டியதில்லை. அந்தக் கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. தகர வடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ரின்பாலின் மேல் இறங்கும். ஊரில் பெரியம்மா ரின்பால் போட்டுத் தந்த தேநீரின் ஞாபகம் எனக்கு அங்கேதான் வருகிறது, லாச்சப்பலில் அல்ல.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். போன மாதம் மெட்ரோ ஓடவில்லை. சரி, நம்மாட்களிடமே சாப்பிடுவோம் என்று உங்களில் ஒருவருடைய கடைக்கு வந்தோம். யாருடையது என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலில் 146 இலக்கங்கள். காத்திருந்த நேரத்தில் புதுச்சேரி நண்பர் எண்ணிச் சொன்னார். எண்ணி முடிக்க நேரம் தாராளமாக இருந்தது. நண்டுக்கறி கேட்டோம், இன்றைக்கு இல்லை. ஒடியல் கூழ் கேட்டோம், பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கடைசியில் இடியப்பமும் சொதியும் வந்தன. இடியப்பத்தின் நடு குளிர்ந்து கிடந்தது. சொதியின் ஓரம் கொதித்து நடு இளஞ்சூடாக இருந்தது. மைக்ரோவேவ் செய்யும் வேலை அது, எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன்.

அந்தக் குசினியில் நின்ற தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். 146 பெயருக்கு 146 சட்டி இல்லை என்பது நமக்குள் இரகசியமல்ல. மூன்று குழம்பு, ஒரு பெரிய ஆழ்குளிர்ப் பெட்டி, மேலே தூவ விதம்விதமான இலை. இதில் ஒன்றையாவது ஒழுங்காகச் சமைக்க அவனுக்கு எங்கே நேரம்?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "வருகிற வெள்ளைக்காரன் பட்டர் சிக்கனும் சீஸ் நானும் கேட்கிறான், என்ன செய்ய?" சீஸ் நான் இந்த நாட்டிலேயே உருவான பண்டம் என்கிறார்கள், வடஇந்தியாவின் பழைய சமையலில் அதைத் தேடினால் ஏமாந்துதான் திரும்பவேண்டும். அதை யாழ்ப்பாணத்தான் பாரிஸில் சுட்டு விற்கிறான். நடக்கட்டும், பிழைப்பு. ஆனால் வியட்நாம்காரர் தன் சாப்பாட்டை வேறு பெயரில் ஒளித்து வைக்கவில்லை. ஃபோ என்று எழுதி மாட்டினார். வெள்ளைக்காரன் முதலில் தப்பாக உச்சரித்தான், பிறகு பழகிக்கொண்டான், இன்றைக்கு எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறான். அந்தப் பெயர் பிரெஞ்சு மாட்டிறைச்சிச் சூப்பின் பெயரிலிருந்துதான் வந்தது என்று அவனே நமக்கு விளக்கம் வேறு சொல்வான். இடியப்பம் என்ற சொல் அதைவிடக் கடினமா? "சொதி" இரண்டே எழுத்து.

இன்னொரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாம் வட்டாரத்தில் எல்லாக் கடையும் இப்படி இல்லை. நூறு இலக்கங்களும் படங்களும் போட்ட கடைகள் அங்கேயும் வரிசையாக உண்டு. அங்கே நாங்கள் போவதில்லை, அவ்வளவுதான்.

இதை நீங்கள் செய்யத் தெரியாதவர்கள் அல்லர். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வீதிக்கு வரும் நாளில் நீங்களே வாசலில் மேசை போட்டு நான்கைந்து சாமான்கள் மட்டும் விற்கிறீர்கள். வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து ஏறுகிறது, கைமாறுகிறது, முடிந்துபோகிறது. வருடத்தில் உங்கள் கடைகளில் நான் சாப்பிடும் மிக நல்ல சாப்பாடு அன்றைக்குத்தான். 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் (நீளப் பாண்) பரிசை வென்ற தர்ஷன் செல்வராஜாவை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அவருடைய பாண் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் போனது. மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு. அந்தப் போட்டியில் 146 வகை கேட்கவில்லை.

என் கோரிக்கை இதுதான்: உங்களில் ஒருவராவது இடியப்பத்துக்கும் சொதிக்கும் என்று ஒரு கடை போடுங்கள். அரிசி மாவை நூலாக்கி அவிப்பதும் சாறு ஊற்றித் தின்பதும் நமக்கு யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை. அது நம் ஃபோ. பக்கத்தில் ஒரு சம்பல். விரும்புகிறவருக்கு மீன், முட்டை. உங்களுக்கு ஒரு வசதி அதிகமாகவும் உண்டு. அந்த வியட்நாம் கடையில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு வேலையே இல்லை, மீன் சோஸ் எதற்குள்ளும் நுழைந்திருக்கும். எங்களில் மாடு தொடாத நண்பர் கோழி ஃபோவோடு சமாளிக்கிறார். தேங்காய்ப்பால் சொதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பால், முட்டைகூடத் தொடாத இளம் பிரெஞ்சுக்காரர்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். சம்பலில் மாசிக் கருவாட்டை மட்டும் தனியே வையுங்கள், போதும்.

புதுச்சேரி நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய தாத்தா பிரெஞ்சு அரசாங்க வேலையில் சைகோனில் இருந்தவர். அவர்கள் வீட்டில் பொங்கலுக்கும் நெம் பொரிப்பார்களாம். வியட்நாமின் தெற்கில் தேங்காய்ப்பாலும் வற்றாளங்கிழங்கும் போட்டு ஒரு கோழிக்குழம்பு வைத்து அதை பகெத்தில் தொட்டுத் தின்கிறார்கள், பெயர் "கா ரி". "நம் கறியை அவர்கள் பெயரோடு எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் அவர்களுடைய ஒற்றைத்தாள் பட்டியலை எடுத்துக்கொண்டால் கணக்குச் சரி" என்றார் அவர்.

கடை திறந்தால் சொல்லியனுப்புங்கள். ஞாயிறு பதினொன்றரைக்கு வாசலில் நிற்போம், நான்கு பேர். மேசையைப் பங்குபோடத் தயார், சிரிப்பும் வேண்டாம். சொதியை மட்டும் அடுப்பிலிருந்து ஊற்றுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டாலின்கிராட்டில் ஏறுகிறவன்