விளக்குத்தூண் படத்தைத் தேடித் தந்தவர்களுக்கும், பார்க்க வந்தவர்களுக்கும்

மேல மாரட் வீதி, சுற்றுத் தெருப் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கோட்டை இருந்த காலத்து மதுரையைப் பற்றி நாங்கள் வைத்த படக் காட்சி நல்லபடியாக முடிந்தது. ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து பார்க்க முடியவில்லை என்பதால் இந்த மடல்.

முதலில், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு அண்ணனுக்கு நன்றி. நாயக்கர் கோட்டை, 72 கொத்தளம் என்று நாங்கள் வாயால் அளந்துகொண்டிருந்தோம். அவர்தான் இன்றைய தெருப் படத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் மதில் போன வழியைப் போட்டுக் காட்டினார். 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நெரிசல் தாங்காத ஊருக்கு இடம் தேடி மதிலை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் வெளி வீதிகளும், அவற்றை ஒட்டிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. அந்த வேலையை நடத்திய மேஸ்திரியின் பெயரும், அளந்த சர்வேயர் மாரட்டின் பெயரும்தான் அவை. “கலெக்டருக்கு விளக்கு, சர்வேயருக்குத் தெரு” என்று அண்ணன் சொன்னபோது தொழில் அபிமானம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இருக்கட்டும், உழைத்தவர் அவர்.

அந்த விளக்குதான் விளக்குத்தூண். பிளாக்பர்ன் நினைவாக ஊர் மக்கள் பணம் போட்டு நட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்க வருடா வருடம் அந்தப் பக்கம் போகிறோம், நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? மெட்ராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரைக்கு வந்தபோது அதையும் படம் எடுத்திருக்கிறார். லண்டன் நூலகமொன்றின் இணையத் தொகுப்பில் அதைத் தேடிப் பிடித்த கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. வைகையைக் கடக்கும் பழைய தரைப்பாலம், செப்பனிடும் முன் சிதிலமாகக் கிடந்த திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம் எல்லாம் அவர்கள் தேடலில் வந்தவையே.

ஸ்டுடியோக்கார மாமாவைச் சொல்லாமல் விட முடியாது. பெரிதாக்கிய படங்களைப் பார்த்த ஒரு பையன், “ஊர்ல ஆளே இல்லையா?” என்று கேட்டுவிட்டான். மாமா அவனை உட்கார வைத்து விளக்கினார். அன்று மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார். அசையாமல் நின்றவர் மட்டும் தப்புவார். அப்புறம், ட்ரைப் நெகட்டிவ்மேலேயே வண்ணம் தீட்டி மேகம் சேர்க்கிற ஆள் என்பதையும் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் படத்தில் வானத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்!

ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய பழைய மாவட்ட விவர நூல்களான நெல்சனின் 1868 மதுரைக் கையேட்டையும் பிரான்சிஸின் 1906 கெசட்டியரையும் எடுத்துத் தந்து, வேண்டிய பக்கங்களைக் குறித்தும் வைத்த நூலகர் அம்மாவுக்கு நன்றி. புத்தகத்தில் இருப்பது கலெக்டர்கள் பார்த்த ஊர் என்பதை எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தவரும் அவர்தான்.

இன்னொரு பக்கத்தைக் காட்டியவர்கள் தாய்ப் பத்திரங்களை நம்பிக் கொடுத்த குடும்பத்தார். சொத்து விவகாரம், யாருக்கும் தயக்கம் இருக்கும். பத்திர எழுத்தர் ஐயா சக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, மட்டும் வாசித்தார்: வடக்கே யார் மனை, தெற்கே எந்தச் சந்து. தொகையையோ பாகப்பிரிவினையையோ யாரும் பார்க்கவில்லை. ஒரு பத்திரத்தில் பாட்டனார் பெயரைக் கேட்டதும் எதிர் வீட்டு ஆச்சி, “அது எங்க தாத்தாவாச்சே” என்று எழுந்து வந்துவிட்டார். அரை மணி நேரம் வேலை நின்றது. எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

பிரிண்ட் போட்டவர், பெஞ்சு தந்த பள்ளிக்கூடம், கணக்குப் பார்க்காமல் டீ அனுப்பிய கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி.

படங்கள் இப்போது தெரு மன்றத்தில் இருக்கின்றன. மாலையில் வந்து பார்க்கலாம். வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் படமோ கடை ரசீதோ இருந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்து உடனே கையில் தந்துவிடுவோம். படத்தின் பின்னால் பெயர் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
மேல மாரட் வீதி நண்பர்கள், மதுரை