விடியவிடியப் பாடுகிற கதையை விடியும்வரை பதிவு செய்யுங்கள்

அகில இந்திய வானொலியின் தமிழ்நாட்டு நிலையங்களில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்தில் வாழை விவசாயம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். 1963-இல் திருநெல்வேலி நிலையம் தொடங்கியபோது எங்கள் ஊரில் ரேடியோ இருந்தது இரண்டே வீடுகளில்தான் என்று ஆச்சி சொல்வாள். வில்லுப்பாட்டு வைக்கிற அன்றைக்குத் திண்ணையில் இடம் பிடிக்க முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவாளாம். கோயிலில் கேட்ட பாட்டு பெட்டிக்குள்ளிருந்து வருவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. “நம்ம சாமி கதைய டவுன்காரனும் கேப்பாம்லா” என்பாள்.

அந்தப் பெருமையை எங்களுக்குத் தந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். கொடை என்கிற கோயில் திருவிழா நடக்கிற ஊர்களுக்கு நேரில் வந்து, வில்லுப்பாட்டையும், மகுடம் என்கிற தோல் மேளத்தை அடித்துப் பாடி ஆடும் கணியான் கூத்தையும், காப்புப் பாட்டு தொடங்கி வாழி பாடி முடிக்கும்வரை முழுதாகப் பதிவு செய்யுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய பதிவுகளைப் பாடியவர் பெயர், ஊர்ப் பெயரோடு பட்டியலிட்டு, அவர்கள் குடும்பங்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், 2023 டிசம்பர் மழைதான் காரணம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. வாழை போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்குத் தெரிந்த வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் வீட்டில் போனது ஒரு தகரப் பெட்டி. அதில் அவருடைய அப்பா கைப்பட எழுதிய கதை நோட்டுகள் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் அவற்றை முற்றத்தில் விரித்துக் காயப்போட்டிருந்தார். மை மொத்தமும் நீலமாகப் பரவி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. “மனசுல இருக்கு, ஆனா எனக்கும் எழுபது ஆகுது” என்றார். அப்பா ரேடியோவில் பாடியிருக்கிறார், அது எங்கேயாவது இருக்குமா என்று என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டூடியோவில் பாடினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கொடையில் ஒரு கதை அதன் போக்கில்தான் நடக்கும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார், இடப்பக்கம் பாடுகிறவர் அதை வாங்கிக்கொள்வார், குடத்தின் தாளம் பின்னாலேயே வரும். நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடை நெருங்க நெருங்க வேகம் ஏறும். கதையில் சுடலைமாடசாமி பிறக்கிற இடம் வந்ததும் சாமியாடி எழுந்து நிற்பார். அந்த நேரத்தில் புலவர் எழுதி வைத்ததைப் பாடுவதில்லை. சாமியாடியின் முகத்தைப் பார்த்து வரிகளை நீட்டுகிறார், திரும்ப எடுக்கிறார். இது அரைமணி நேரத்துக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

கணியான் கூத்து இன்னும் சிரமம். மகுடத்தின் தோலைத் தீயில் காட்டிக் காட்டித்தான் சுதி ஏற்ற வேண்டும். கூத்து நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மகுடத்தை அதன் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். உச்ச மகுடம் ஏறியதா, மந்த மகுடம் நின்றதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குளிரூட்டிய அறையில் அந்தத் தோல் சற்று நேரத்திலேயே தளர்ந்துவிடும். அங்கே தீ மூட்டவும் முடியாது. முதன்மைப் பாடகரான அண்ணாவியின் குரல் நன்றாகப் பதிவாகும், ஆனால் மகுடம் மகுடமாகக் கேட்காது.

உங்களால் முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. 1960-களில் திருச்சி நிலையம் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். தங்களைத் தேடி வயலுக்கு வந்து பேசிய வானொலியை மக்கள் அந்த அளவுக்கு நம்பினார்கள். உங்களை நடத்தும் பிரசார் பாரதியின் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டின் பல பகுதிகளின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தர வேண்டும் என்பதை உங்கள் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. இப்போது கையடக்கக் கருவியிலேயே நல்ல பதிவு செய்யலாம். உங்கள் செயலி வழியாகத் துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள்கூடக் கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பாடுகிறவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில பாட்டுகள் சாமி முன்னால் மட்டுமே பாடப்படுபவை. அவற்றை ஒலிபரப்ப வேண்டாம் என்றால் பாதுகாத்து மட்டும் வையுங்கள். அப்புறம் சன்மானம். முழு இரவு பாடுகிறவருக்கு முழு இரவுக்கான தொகையைக் கொடுங்கள்.

எங்கள் ஊரில் சித்திரையில் கொடை. சாமியை அழைக்கிற குடியழைப்பு அன்றைக்கே வந்துவிட்டால் வில் கட்டுவதிலிருந்து பதிவு செய்யலாம். நான் சொன்ன அந்தப் புலவர்தான் இந்த வருஷமும் பாடுகிறார். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீட்டில். வரும்போது அவருடைய அப்பாவின் பதிவு உங்கள் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஏரல் பக்கத்து நேயர் ஒருவன்