குழாயை எடுக்க யார் கையெழுத்து?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் ஐசியு டாக்டர்களுக்கும்,

வணக்கம். நான் ஐசியுவில் பல வருடமாக டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். சிறுநீர்க் குழாயால் வரும் தொற்று பற்றி எங்களுக்கு இன்னொரு வகுப்பு எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். எடுங்கள், வருகிறோம். சிறுநீர் சேரும் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, குழாயும் பையும் சேரும் இடத்தைக் கழற்றக் கூடாது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

ஒருமுறை தொப்பூர் கணவாயில் அடிபட்டு வந்தவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சரில் பையை மாட்டக் கொக்கி இல்லை. தள்ளி வந்தவர் நிறைந்த பையை அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிட்டார். லிஃப்ட்டுக்கு நிற்கும்போதுதான் பார்த்தேன், மஞ்சள் நீர் குழாயில் உடம்பை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. கிளம்பும் முன் பையைக் காலி செய்திருக்க வேண்டியவள் நான்தான். அப்போது என் பொறுப்பில் இன்னும் மூன்று பெட். பைகளைக் காலி செய்ய அத்தனை பேருக்கும் ஒரே ஜக்.

சரி, அதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேர 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு. கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதுபோலக் குழாயின் உள்ளே கிருமிகள் படலம் கட்டிவிடும். அதற்குள் ஆன்டிபயாடிக் எளிதில் நுழையாது. எவ்வளவு சீக்கிரம் குழாயை எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் காலை ரவுண்ட்ஸில் வென்டிலேட்டர், பிபி, ரத்த ரிப்போர்ட் எல்லாம் பார்ப்பீர்கள். போர்வையைத் தூக்கிப் பார்ப்பவர் அபூர்வம்.

பென்னாகரம் பக்கத்துப் பாட்டி ஒருவர், எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே, “ஏம்மா, இத எப்ப எடுப்பீங்க?” என்றார். “டாக்டர் சொல்லட்டும் பாட்டி” என்றேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் விடியற்காலை குளிர் காய்ச்சலில் அவர் கட்டிலே ஆடியது. குழாய் இருந்தால் காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அன்று அந்தக் குழாய்க்கு அங்கே வேலை இல்லை என்பதை மட்டும் சொல்வேன்.

நாங்கள் கேட்பது ஒரு எழுத்து உத்தரவு. சிறுநீர் அடைப்பு, மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்க்க வேண்டிய நிலை, அசையக் கூடாத முதுகெலும்பு அல்லது இடுப்பெலும்பு முறிவு என்று குழாய் தேவைப்படும் காரணங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதில் எதுவும் இல்லாதவருக்கு, போன் போட்டுக் காத்திருக்காமல் நாங்களே எடுத்துவிட அனுமதி கொடுங்கள். வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் இது வழக்கத்தில் இருக்கிறது. எடுத்த பிறகு அவருக்குச் சிறுநீர் பிரிகிறதா என்று நாங்கள் பார்ப்போம், பிரியாவிட்டால் கூப்பிடுவோம். கேஸ் ஷீட்டில் “குழாய் போட்டு எத்தனையாவது நாள், இன்றும் வேண்டுமா?” என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஸ்ட்ரெச்சருக்குக் கொக்கியும் பெட்டுக்கு ஒரு ஜக்கும் கேட்டு இண்டெண்ட் (பொருள் கேட்கும் படிவம்) போட்டிருக்கிறோம். அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
நைட் டியூட்டி முடித்த ஒரு சிஸ்டர்