அந்தப் பூஜ்யத்தைப் பற்றி

பாம்பன்
22.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமா? பாப்பாவைப் பள்ளிக்கூடம் மாற்றியிருப்பதாக மருமகள் சொன்னாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். நல்லதுதான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். போனில் நீ "சரிம்மா, அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். இப்போது ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக அதுவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வருகின்றன. 61 நாள் காலியாகக் கிடந்த கரையில் இப்போது நிற்க இடமில்லை. கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கூட்டுகிறேன். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப் போன பழைய லேப்டாப்பைத் திறந்தேன். "போட்டோ பார்த்துக்கங்கம்மா" என்றுதான் கொடுத்தாய். போட்டோவும் பார்த்தேன். அப்புறம் பங்கு விலைகளை அலசுகிற அந்த ஆமிபுரோக்கர் மென்பொருளைத் திறந்தேன். வந்திருந்த நாலு நாளும் ராத்திரி நீ எதன் முன்னால் உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எஃப்1 அழுத்தினால் உதவிப் பக்கம் வருகிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 34 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஃபார்முலாவைக் கண்டால் கை சும்மா இருக்குமா? நாலு மாதம் ஆயிற்று. இப்போது நானே எழுதுகிறேன், தம்பி.

உன்னைப் பாராட்டியே ஆக வேண்டும். இதை நீ யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாய். சி என்று ஒரு எழுத்து எழுதினால் ஒரு விலை வருவதில்லை, அந்தப் பங்கின் அத்தனை நாள் முடிவு விலையும் வரிசையாக வந்து நிற்கிறது. தொடர்வரிசை நடத்தியவளுக்கே அது பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. உனக்கு எப்படியும் ஒரு ராத்திரியில் புரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தத் தலை.

என் முதல் ஃபார்முலா இரண்டே வரி. முடிவு விலை 50 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும், கடந்த 20 நாள் உச்சத்தையும் தாண்டியிருக்க வேண்டும். ஓட்டினால் ஒரு பங்கும் வரவில்லை. பல்லாயிரம் நாள் விலைகளில் ஒரு நாள்கூடவா இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். உச்சத்தை எடுத்துத் தருகிற ஹெச்ஹெச்வி என்பது இன்றைய உச்சத்தையும் சேர்த்து எண்ணுகிறது. இன்றைய முடிவு விலை இன்றைய உச்சத்தை எப்படித் தாண்டும்? நேற்று வரையுள்ள 20 நாளின் உச்சத்தை எடுக்க வேண்டும். அதற்கு, வேறு நாளின் எண்ணை எடுத்துத் தருகிற ரெஃப் போட்டேன். போட்டதில் மைனஸை விட்டுவிட்டேன். மைனஸ் ஒன்று என்றால் நேற்று, வெறும் ஒன்று என்றால் நாளை. என்ன நடந்தது தெரியுமா? மறுபடியும் எல்லாத் தேதியிலும் பட்டியல் காலி. நாளை வரையுள்ள 20 நாளில் இன்றைய உச்சமும் அடங்கிவிடுகிறது அல்லவா! இரண்டு நாள் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

இன்னொன்று. 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பாதிக்குப் பாதி விழுந்ததாக என் பட்டியலில் வந்தது. பதறிப்போனேன். பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று போனஸ். பங்கு இரட்டித்தது, விலை பாதியானது, யாருக்கும் எதுவும் போகவில்லை. பழைய விலைகளை நீ அதற்கேற்ப மாற்றவே இல்லை. இதைச் செய்யாமல் அதன் மேல் சராசரி போட்டால் அந்தச் சராசரிக்கு என்ன அர்த்தம்? கணக்கில் நீ அவசரக்காரன். எட்டாம் வகுப்பிலிருந்து சொல்கிறேன்.

இப்போது உன் ஃபார்முலாவுக்கு வருகிறேன்.

"பைனல்", "பைனல் 2", "பைனல் புதுசு" என்று பதினோரு கோப்பு இருக்கிறது. கடைசிக் கோப்பைச் சேமித்த நேரம் ராத்திரி 2 மணி 40 நிமிடம். அந்த நேரத்தில் மனுசன் தூங்க வேண்டாமா? 13 நிபந்தனை வைத்திருக்கிறாய். விலை ஏறி இறங்கும் வேகத்தை அளக்கிற ஆர்எஸ்ஐக்கு முதல் கோப்பில் 14 நாள், அடுத்ததில் 13, அப்புறம் 11, அப்புறம் 9. ஒவ்வொரு தரமும், பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கிற பேக்டெஸ்ட்டின் லாபக் கோடு இன்னும் கொஞ்சம் நிமிர்கிறது. பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அது வருகிற மாதிரி வழிமுறையைத் திருத்துகிற பையன்களை எனக்குத் தெரியும். விடை சரியாக இருக்கும், பரிட்சையில் வேறு எண்ணைக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 2019 முதல் 2024 வரையுள்ள விலைகளை மனப்பாடம் செய்த ஃபார்முலாவுக்கு அடுத்த மாதத்தைப் பற்றி என்ன தெரியும்?

அதைக்கூட விட்டுவிடலாம். எத்தனை நாள் தள்ளி வாங்குவது என்று சொல்கிற டிலே என்ற இடத்தில் பூஜ்யம் வைத்திருக்கிறாய். வாங்கும் விலை அன்றைய ஆரம்ப விலை என்று வைத்திருக்கிறாய். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அன்றைய முடிவு விலையையும் அன்றைக்குக் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையான மொத்த வால்யூமையும் பார்த்து. மூன்றரை மணிக்குத் தெரிவதை வைத்து ஒன்பதேகால் மணிக்கு வாங்கியதாகக் கணக்கு எழுதுகிறது, தம்பி.

நம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே. ஒன்றாம் எண் ஏற்றினாலே உன் அப்பத்தா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். 1964 தனுஷ்கோடிப் புயலைப் பார்த்தவர்கள். புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஒருவர் போய், காலையிலேயே கூண்டு ஏற்றிவிட்டதாகப் பதிவேட்டில் எழுதினால் அந்தப் பதிவேட்டில் ஒரு நாளும் தப்பு இருக்காது. அதை நம்பி யாராவது படகை விடுவார்களா?

நான் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்று போட்டேன். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை விலையில் வாங்கு என்று அர்த்தம். அந்த ஒரு எண்ணைத் தவிர உன் எழுத்தில் வேறு எதையும் தொடவில்லை. 1 லட்சத்தை 41 லட்சமாகக் காட்டிய கோடு 70 ஆயிரத்துக்கு இறங்கியது. தரகும் வரியும் சேர்க்காமல். மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். என் கை தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஓட்டினேன்.

இதை வைத்து நீ வாங்கியிருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிப் பங்குகளைச் சலித்தெடுக்கிற ஃபில்டர் என்பது வலையை உதறிப் பிரிக்கிற வேலை. இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், கழிவு மீன் ஒரு பக்கம். அதோடு அதன் வேலை முடிந்தது. ஏலத்தில் என்ன விலை போகும் என்று பிரிக்கிறவர்களைக் கேட்க முடியாது. ஆயிரக்கணக்கான பங்குகளில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த இருபதை எடுத்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. அதற்கு மூன்று நிபந்தனை போதும். விலையை வால்யூமால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 5 கோடியாவது வர வேண்டும் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள், விற்க ஆள் இல்லாத பங்கில் மாட்ட மாட்டாய். அதை நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள். கடன் பணத்தில் மட்டும் வேண்டாம். கடன் பணத்தில் வேண்டாம்.

போன செப்டம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி வெளியிட்ட கணக்கைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில் ஃப்யூச்சர், ஆப்ஷன் என்கிற முன்பேர வணிகத்தில் இறங்கிய தனி ஆட்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம். உன்னைச் சொல்லவில்லை. வெட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

போன வாரம் ஒரு பையன் எனக்குப் போன் செய்தான். முதலில் இந்தியில் பேசினான், அப்புறம் அரைகுறைத் தமிழில் உன் பெயரைச் சொன்னான். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் வந்தது. யாராக இருந்தாலும் பரவாயில்லை, என்னிடம் எதையும் வாங்க முடியாது. நீ பயப்படாதே.

இன்னொரு ஃபோல்டரை நான் திறக்கவில்லை என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். திறந்தேன். அதில் ஓர் எக்செல் தாள் இருந்தது. மூன்று வரி பார்த்தேன், மூடிவிட்டேன். அந்த மூன்று வரியே போதும். அதுவும் ஜனவரிக் கணக்கு.

அப்போதிலிருந்து எனக்குத் தேவிபட்டினத்து இறால் குளம்தான் ஞாபகம் வருகிறது. இந்தக் கடிதத்தில் அதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. ஆனால் அதை எழுதாமல் உனக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி இருக்கிறது எனக்கு?

உன் அப்பா அந்தக் குளத்தில் ஒரு பைசா போடவில்லை. போட்டது நான்.

பெரிய மாமா என்னிடம்தான் வந்தான். நான்தான் சிவப்பு நோட்டில் கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கருக்கு எத்தனை குஞ்சு, நாலு மாதத் தீவனம், கிலோ விலை. முதல் அறுவடையில் கை நிறையப் பணம் வந்தது. அந்த ஒரு அறுவடையை வைத்துப் பத்து அறுவடைக்குப் பெருக்கினேன். நோய் என்று ஒரு பத்தி என் கணக்கில் இல்லவே இல்லை. பி.எஃப். முன்பணம், என் நகை, உன் காரைக்குடி ஹாஸ்டலுக்கு அப்பா சேர்த்துவைத்தது, எல்லாவற்றையும் இரண்டாவது தரத்துக்குப் போட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. 1995இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஒரே வாரத்தில் குளம் முழுக்க இறால் கரையோரம் ஒதுங்கிச் செத்துக் கிடந்தது. அதை மீட்கலாம் என்று அதற்கு மேலும் கடன் வாங்கினேன். 96 டிசம்பரில் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, அடைக்க வேண்டியது முதலில் போட்டதைவிட அதிகம்.

அப்பத்தாவும் சித்தப்பாமார்களும் வந்து கேட்ட அன்று, நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நாள், ஒரு மாதம் என்று போய், அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

உன்னை ஹாஸ்டலிலிருந்து கூட்டிவந்தது நினைவிருக்கும். காலேஜ் முடித்த வருடம், "என் படிப்பை வைத்துச் சூதாடினீங்க" என்று நீ அப்பாவைக் கேட்டாயே, அப்போது அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். வேலை ஒன்றும் இல்லை அங்கே. குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாலு நாள் இருந்தாரே, அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். நீ வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வருடங்களை நான் உனக்கும் திருப்பித் தர முடியாது, அவருக்கும் தர முடியாது. நீ என் மேல் கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு. ஆனால் நான் செய்தது மாதிரி, முதலில் போனதை மீட்க அதற்கு மேல் வாங்காதே. மருமகளிடம் இன்றைக்கே மொத்தத் தொகையையும் சொல்லிவிடு. சொல்லியிருந்தால் நல்லது. எனக்கு அனுப்புகிற ஐந்தாயிரத்தை இந்த மாதத்திலிருந்து நிறுத்து, என் பென்ஷன் எனக்கு மிச்சம். பாங்கில் என் பெயரில் கிடக்கிற டெபாசிட் செப்டம்பரில் முதிர்கிறது. அது எந்தக் கடனுக்கு முதலில் போக வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம். வட்டி அதிகமான கடன் முதலில், தெரிந்தவர்களிடம் வாங்கியது அப்புறம். தாளில் எழுதினால் பயம் கொஞ்சம் குறையும். எனக்கு அன்றைக்கு எழுதிப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே இருந்தார், நான்தான் கேட்கவில்லை.

புதுப் பாலம் திறந்ததிலிருந்து வண்டி மறுபடியும் ராமேஸ்வரம் வரை வருகிறது, மண்டபத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. முடியாவிட்டால் நீ மட்டும் வா. சிவப்பு நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பின் சார்ஜர் ஒயர் கிழிந்திருக்கிறது, வரும்போது ஒன்று வாங்கிவா. எந்த வண்டி, என்றைக்கு என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு.

அம்மா