வியாழனின் நிறை: அயோவை விடுங்கள், கலிஸ்டோவைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொலைநோக்கியால், வியாழனின் துணைக்கோளான அயோவைப் பார்த்து, வியாழனின் நிறையைக் கணக்கிடும் செய்முறை சென்ற இதழில் வந்திருந்தது. கெப்ளரின் மூன்றாம் விதியை (துணைக்கோளின் தூரத்தின் மும்மடியைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் கோளின் நிறை கிடைக்கும்) மாணவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கட்டுரையின் மாதிரிக் கணக்கு 1.6 × 10²⁷ கிலோவில் முடிகிறது. உண்மை அளவு 1.898 × 10²⁷. இந்தக் குறைவுக்குத் தொலைநோக்கி சிறியது என்று காரணம் சொல்லியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 70 மி.மீ. தொலைநோக்கியிலேயே இரண்டு மூன்று சதவீதத்துக்குள் விடை வரும். கோளாறு அளவுகோலில் இருக்கிறது.

கட்டுரை வியாழனின் வட்டையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது: விட்டம் 142,984 கி.மீ., படத்தில் இத்தனை பிக்சல், எனவே அயோ இத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறது என்று. 900 மி.மீ. குவியத் தொலைவும் 3.75 மைக்ரான் பிக்சலும் உள்ள அமைப்பில் ஒரு பிக்சல் 0.86 விகலை (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு விகலை). வியாழன் வழக்கமாக நெருங்கி வரும்போதும் வட்டு சுமார் 47 விகலைதான், அதாவது 55 பிக்சல். துணைக்கோள்கள் தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வட்டு வெளுத்து, விளிம்பு இருபுறமும் ஒன்றரைப் பிக்சலாவது வீங்கும். 55 என்பது 58 ஆகும். எல்லாத் தூரங்களும் 5 சதவீதம் குறையும். சமன்பாட்டில் தூரம் மும்மடியில் வருவதால் நிறையில் 15 சதவீதம் போய்விடும். கட்டுரையின் குறைவு ஏறக்குறைய முழுவதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. வியாழன் துருவங்களில் தட்டையானது என்பதும் நினைவிருக்கட்டும். துருவ விட்டம் 133,708 கி.மீ. தான். தெரியாமல் அந்தப் பக்கம் அளந்துவிட்டால் பிழை எதிர்த்திசையில் 20 சதவீதத்தைத் தாண்டும்.

வட்டை விட்டுவிட்டுக் கோணத்தை அளக்க வேண்டும். அதற்கு அளவு திருத்த நல்ல விண்மீன் இணை வசிஷ்டரும் அருந்ததியும். இடைவெளி சுமார் 709 விகலை. கேமராவைக் கழற்றாமல், குவியத்தைத் தொடாமல், அதே இரவில் அந்த இணையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியில் அச்சிட்டிருக்கும் குவியத் தொலைவை நம்ப வேண்டாம், பார்லோ லென்ஸ் (குவியத் தொலைவைக் கூட்டும் லென்ஸ்) போட்டிருந்தால் அறவே வேண்டாம். வியாழனின் வட்டு வீங்கினாலும் அதன் மையம் நகராது. எனவே மையத்திலிருந்து துணைக்கோள் வரை அளப்பதற்கு வெளுத்த படமே போதும்.

அயோவைத் தேர்ந்தெடுத்ததும் தவறு. இரண்டு நாளுக்குள் சுற்றிவிடுகிறது என்பது வசதியாகத் தோன்றும். ஆனால் அது ஒரு நாளில் 203 பாகை நகர்கிறது. தினம் ஒரு படம் எடுப்பவருக்கு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாவுவதுதான் தெரியும். அதிகபட்ச விலகல் (வியாழனின் மையத்திலிருந்து மிகத் தள்ளித் தெரியும் நிலை) பகலில் நடந்துவிடும். இன்னும் வெளியே சுற்றும் துணைக்கோளான கலிஸ்டோ நாளுக்கு 21.6 பாகைதான் போகும். மங்கல்தான், 17 இரவும் வேண்டும், மேகம் வந்து கெடுக்கும். ஆனாலும் அதன் விலகல் 700 பிக்சலைத் தாண்டுவதால், அயோவில் நிறையின் 3 சதவீதத்தைத் தின்றுவிடும் ஒன்றரைப் பிக்சல் தவறு இங்கே ஒரு சதவீதத்துக்கும் கீழ்.

கிடைத்த படங்களில் பெரிய எண்ணை அப்படியே எடுத்துவிடக் கூடாது. உச்சத்துக்கு 12 மணி நேரம் முன்போ பின்போ எடுத்த படத்தில் தூரம் 1.8 சதவீதம் குறைவாக இருக்கும். நிறையில் அது 5 சதவீதம். பத்துப் பன்னிரண்டு இரவுகளின் அளவுகளை எக்செல்லில் இட்டு சைன் வளைவு பொருத்தி, அதன் உச்சத்தை எடுங்கள். பொருத்தும் முன் ஒவ்வொரு இரவின் கோணத்தையும் அன்றைய பூமி–வியாழன் தூரத்தால் பெருக்கியாக வேண்டும். அந்தத் தூரம் 17 நாளில் 0.3 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமி–சூரியன் சராசரித் தூரம்) வரை மாறக்கூடியது.

எடுத்துக்காட்டாக, 4.2 வானியல் அலகு தூரத்தில் 719 பிக்சல் என்றால் 618 விகலை. சுற்றுப்பாதை ஆரம் 0.01258 வானியல் அலகு. சுற்றுக்காலம் 16.689 நாள், அதாவது 0.04569 ஆண்டு. ஆரத்தின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்தால் சூரியனின் நிறையில் ஏறத்தாழ 1,048-ல் ஒரு பங்கு. ஏற்கப்பட்ட அளவு 1,047.35.

நியூட்டனும் அன்று தெரிந்த துணைக்கோள்களில் கடைசியான கலிஸ்டோவைத்தான் எடுத்தார். சூரியனிலிருந்து பார்த்தால் அதன் விலகல் 8 கலை 16 விகலை (ஒரு கலை 60 விகலை) என்று கொண்டு, தன் ‘பிரின்சிபியா’ நூலின் 1726-ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,067-ல் ஒரு பங்கு என்றார். சரியான விலகல் 8 கலை 19 விகலை. மூன்றே விகலை, இரண்டு சதவீதம்! பூமிக்கு அவர் கணக்கிட்ட பங்கு உண்மையைப் போல் இருமடங்கு ஆனதற்கும் தூரமே காரணம். சூரியனை அருகில் வைத்துவிட்டார்.

இந்த முறை தருவது சூரியனோடு ஒப்பிட்ட விகிதம்தான். கிலோவாக மாற்ற ஈர்ப்பு மாறிலி வேண்டும். அதற்கு 1798-இல் கேவண்டிஷ் செய்த சோதனை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் அந்த மாறிலி நான்கைந்து இலக்கம்தான் உறுதி. அதனால் விண்கலம் செலுத்துபவர்கள் மாறிலியையும் நிறையையும் பிரிக்காமல், இரண்டின் பெருக்கத்தையே கையாள்கிறார்கள். துணைக்கோளின் நிறையை எப்போதும் விட்டுவிடலாம் என்ற கட்டுரை வரிக்கும் ஒரு திருத்தம்: விடையாக வருவது கோள், துணைக்கோள் இரண்டின் கூட்டு நிறை. புளூட்டோவிலும் அதன் துணைக்கோள் சாரோனிலும் அது 1.46 × 10²² கிலோ. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சாரோனுடையது.

கடைசியாக, கட்டுரையின் அட்டவணையில் கலிஸ்டோவுக்கு 16.75 நாள் என்று இருக்கிறது. அது சூரியனிலிருந்து பார்த்தால் தெரியும் சுற்று. வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில், அது பின்னோக்கி நகர்வதால், பூமியிலிருந்து அளப்பவருக்கு 16.59 நாள் அளவில்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் வியாழன் எத்தனை பாகை பின்வாங்கியது என்பதை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் பார்த்து, 360-இலிருந்து கழித்து, கிடைத்த காலத்தை அந்த எண்ணால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் 16.69 வரும். சமன்பாட்டில் இட வேண்டியது அதைத்தான்.

இப்படிக்கு,
வானியல் மன்ற வழிகாட்டி ஒருவர்,
மதுரை