பென் டிரைவில் லினக்ஸ்: பூட்லோடரைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென் டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி எந்தக் கணினியிலும் பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு இது பயனுள்ள செய்தி. ஆனால், நிறுவாமலேயே லைவ் முறையில் இயக்குவதையும் பென் டிரைவில் முழுமையாக நிறுவுவதையும் கட்டுரை ஒன்றாகவே கருதிவிட்டது.

லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே பென் டிரைவில் எழுதினால் கிடைப்பது லைவ் லினக்ஸ். அதில் இயங்குதளம் சுருக்கப்பட்டு, படிக்க மட்டுமே முடிகிற வடிவில் இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் ராம் நினைவகத்தில் தங்கி, கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். மாற்றங்களைப் பென் டிரைவிலேயே சேமிக்கும் பெர்சிஸ்டன்ஸ் வசதி கோப்புகளைக் காப்பாற்றும் என்றாலும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் புதுப்பிப்புக்கு அதை நம்ப முடியாது. முழு நிறுவலோ ஹார்ட் டிஸ்கில் செய்வதைப் போன்றதே. கெர்னல் உட்பட எல்லாப் புதுப்பிப்புகளையும் அது ஏற்கும்.

சிக்கல், கணினியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரில்தான் இருக்கிறது. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினிகளில், நிறுவ வேண்டிய இடமாகப் பென் டிரைவைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும், சில நிறுவி மென்பொருள்கள் லினக்ஸின் கிரப் என்னும் பூட்லோடரை, கணினியின் உள் வட்டில் பூட்லோடர்களுக்கென உள்ள இஎஃப்ஐ பகுதியில் எழுதிவிடுகின்றன. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் பழைய நிறுவி இதற்குப் பெயர்போனது. பிறகு அந்தப் பென் டிரைவ் வேறு கணினியில் பூட் ஆகாது. அதைக் கழற்றிவிட்டுச் சொந்தக் கணினியை இயக்கினாலும், தன் கோப்புகளைக் காணாத கிரப், கறுப்புத் திரையில் கட்டளைக்காகக் காத்து நிற்கும். விண்டோஸ் அழிந்திருக்காது, கணினியைத் தொடங்கும்போது வரவழைக்கக்கூடிய பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். ஆனால் இதை அறியாதவர், எல்லாம் போயிற்று என்று அஞ்சி வட்டை ஃபார்மேட் செய்துவிடக் கூடும் என்பதே என் கவலை.

நிறுவுவதற்கு முன் உள் வட்டின் இணைப்பைக் கழற்றிவிடுவதே உறுதியான வழி. அது முடியாதபோது, பென் டிரைவை விர்ச்சுவல் மெஷினுடன் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) இணைத்து அதற்குள் நிறுவலாம். எப்படிச் செய்தாலும் பென் டிரைவிலேயே ஃபேட்32 என்னும் கோப்பு முறை வடிவில் தனி இஎஃப்ஐ பகுதி இருக்க வேண்டும். கழற்றத்தக்க சாதனங்களில் யுஇஎஃப்ஐ தேடிப் பார்க்கும் பொதுவான பாதையில் கிரப் அமைய வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் நிறுவியில், எக்ஸ்பர்ட் முறையில் இதற்கென்றே ஒரு கேள்வி வருகிறது. ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அதன் இனிட்ராம்எஃப்எஸ் (தொடங்கும்போது தேவைப்படும் டிரைவர்கள் அடங்கிய கோப்பு), நிறுவிய கணினியின் வன்பொருளுக்கு ஏற்பச் சுருக்கமாக உருவாக்கப்படுவதால், வேறு கணினியில் தடுமாறலாம்.

மலிவான பென் டிரைவ்கள் சிறு சிறு எழுதல்களில் மிகவும் மெதுவானவை, விரைவில் தேயவும் கூடியவை. அன்றாட வேலைக்கு யுஎஸ்பி எஸ்எஸ்டியே ஏற்றது. கையில் எடுத்துச் செல்லும் பொருள் தொலையக் கூடியது என்பதால், நிறுவும்போதே லக்ஸ் என்னும் வட்டுக் குறியாக்கத்தையும் இயக்கிவிட வேண்டும்.

முழு நிறுவலைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டு, உள் வட்டைக் கழற்றுவதை அதன் முதல் படியாகவே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்