கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களை முதலில் நிரப்புங்கள்

ஆசிரியருக்கு,

கிராமத்து மருத்துவம் என்றாலே புதுக் கட்டடம், ஸ்கேன் மெஷின் என்றுதான் பேசுகிறோம், துணை சுகாதார நிலையத்துச் செவிலியரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிவு செய்வதில் தொடங்கி எடை, ரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை, பிரசவம் முடிந்து வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது, 6, 10, 14-வது வாரத் தடுப்பூசி, 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, அப்புறம் வளரிளம் பெண்களின் ரத்தசோகை, குடும்பநலம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். நாமோ சுலபமாக 'ஊசி போடுற அம்மா' என்று முடித்துவிடுகிறோம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது, படுத்த படுக்கையான முதியவரைப் பார்க்கவும் செவிலியர் வருகிறார். நல்ல திட்டம், மறுக்கவில்லை.

சரி, ஆள் எங்கே? ஓரிடம் காலியானால் பக்கத்து நிலையத்துச் செவிலியர் தலையில் அதையும் கட்டிவிடுகிறார்கள். போதாததற்கு, பார்த்ததையெல்லாம் பதிவேட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அது இரவு வேலையாகிவிடுகிறது. பதிவேற்றத்துக்குத் தனி ஆள் போடுங்கள், காலியிடங்களை மாவட்டவாரியாக வெளியிட்டு இந்த ஆண்டுக்குள் நிரப்புங்கள்.

வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்